கோட்டில் பிறந்த கார்

ஓவியம் என்றாலே இயற்கைக் காட்சிகளும் மனித உருவங்களுந்தான் என்று எண்ணுவோர் பலர். இயந்திரங்களும் ஓவியனுக்கு ஏற்ற பொருள்களே. அவற்றுள்ளும் 1960-களில் அமெரிக்காவில் ‘மசில் கார்’ எனப் பெயர் பெற்ற வகை, பென்சில் பிடிக்கும் எவரையும் கவரக்கூடியது. நடுத்தர அளவுள்ள இரண்டு கதவுக் காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்தி வேகத்தைக் கூட்டினார்கள். 1964-ஆம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இதற்கு வழிகாட்டி என்பர். இக்கூட்டத்தில் என் மனத்துக்கு மிக உகந்தது 1968-ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர். அதன் ஆர்.டி. வகையில் 7.2 லிட்டர் எஞ்சின், 375 குதிரைத்திறன். அதனை வரையும் முறையையும், வரைவதால் நாம் கற்பதையும் இங்கே காண்போம்.

சார்ஜரின் இந்த உருவமே முதலில் காகிதத்தில் பிறந்ததுதான். கிரைஸ்லர் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் சயஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்த உருவமே அதற்கு அடிப்படை. ஆகவே அதை வரையும்போது, பிறந்த இடத்துக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோகிறோம் எனலாம். காரை நேரில் காண வேண்டுமென்பதில்லை. பக்கவாட்டில் எடுத்த நல்ல புகைப்படம் ஒன்று போதும்.

முதலில் தரைக்கோடு, அதன்மேல் இரண்டு சக்கரங்கள். சக்கரமே நமது அளவுகோல். டயருடன் சேர்த்து அதன் விட்டம் ஏறக்குறைய 27 அங்குலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 117 அங்குலம், மொத்த நீளம் 208, உயரம் 53. காகிதத்தில் சக்கரத்தை 3 சென்டிமீட்டராக வைத்தால், இரு சக்கர மையங்களுக்கும் இடையே 13, நீளம் 23, உயரம் 6-க்குச் சற்றுக் குறைவு. அதாவது, இவ்வளவு நீளமான காருக்கு இரண்டு சக்கர உயரங்கூட இல்லை! புதிதாக வரைவோர் கூரையை உயர்த்திவிடுவார்கள், சக்கரத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள். உடனே சார்ஜர் மறைந்து ஏதோ ஒரு குடும்பக் கார் வந்து நிற்கும். பாய்ந்து ஓடத் துடிக்கும் தோற்றம் முழுவதும் இந்த அளவுகளில் அடங்கியிருக்கிறது.

அடுத்து உடற்கோடு. முன்சக்கரத்தின்மேல் எழுந்து, கதவருகே ஒடுங்கி, பின்சக்கரத்தின்மேல் மீண்டும் எழும். கோக் பாட்டிலின் இடையை ஒத்திருப்பதால் இதற்கு அப்பாட்டிலின் பெயரே வழங்குகிறது. கையை நிறுத்தி நிறுத்தி வரைந்தால் இக்கோடு உயிர் பெறாது. தோளிலிருந்து கையை வீசி ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பானெட் நீளம்; பயணிகள் அமரும் பகுதி சிறிது; முன்சக்கரத்துக்கு முன்னால் நீளும் உடலைவிடப் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் உடல் அதிகம்.

இனி நிழல். முன்புறம் முழுவதும் ஒரே கருங்குழியாகத் தோன்றும். ஹெட்லைட்டுகள் மூடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். படத்திலேயே மிகக் கருமையான இடம் இதுவே. கூரையின் இரு பக்கங்களும் சரிவாக வால்வரை இறங்க, அவற்றின் நடுவே பின்கண்ணாடி உள்ளே பதிந்திருக்கும். அங்கும் ஆழ்ந்த நிழல். பம்பரின் குரோமியப் பூச்சுக்குச் சாம்பல் நிறம் தீட்டாதீர்கள். அது வானத்தையும் தரையையும் காட்டும் கண்ணாடி: மேலே வெள்ளைக் காகிதம், கீழே அழுத்தமான கருங்கோடு, அவ்வளவே.

இந்த இரண்டு நிழல்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியனுக்கு விருந்தான அவையே பந்தயத் திடலில் பகையாயின. முன்குழி காற்றை அள்ளிப் பிடித்து வேகத்தைத் தடுத்தது. பதிந்த கண்ணாடிக்கு மேல் காற்று சிதறிக் காரின் வாலைத் தூக்கியது. எஞ்சினில் பலம் இருந்தும் பயனில்லை. எனவே 1969-இல் ‘சார்ஜர் 500’ என்ற மாற்றுருவை வெளியிட்டார்கள். கிரில்லை முன்னுக்குக் கொணர்ந்தார்கள். பின்கண்ணாடியைக் கூரையின் சரிவோடு சமமாக்கினார்கள். அதுவும் போதாமல், அதே ஆண்டில் ‘சார்ஜர் டேடோனா’வுக்குக் கூரிய மூக்கும் வால்மேல் உயர்ந்த இறக்கையும் வைத்தார்கள். 1970 மார்ச் 24-ஆம் நாள் டல்லடேகா திடலில் நடந்த சோதனை ஓட்டத்தில் பட்டி பேக்கர் அவ்வகைக் காரை ஓட்டி மணிக்கு 200 மைலைக் கடந்தார். ஆனால் டேடோனாவை வரைந்து பாருங்கள். பழைய சார்ஜரின் எழில் அதில் இல்லை என்பதைப் பென்சிலே சொல்லிவிடும்.

ஆக, ஒரே காரைக் கண் ஒரு விதமாகவும் காற்று வேறு விதமாகவும் மதிப்பிட்டன. இதை நூலில் படித்தால் செய்தி. இரு உருவங்களையும் அருகருகே வரைந்தால் அனுபவம். புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும், உயர்ந்த காப்பீட்டுக் கட்டணமும், 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் மசில் கார்களின் காலத்தை முடித்துவைத்தன. அவற்றின் கோடுகள் நிலைத்துவிட்டன.

மாணவ நண்பர்களே! நீங்கள் விரும்பும் எந்த இயந்திரத்தையும் இவ்வாறு வரைந்து பாருங்கள். ஒவ்வொரு கோட்டிடமும், ‘நீ ஏன் இங்கே இருக்கிறாய்?’ என்று கேளுங்கள். ஓவியம் சுமாராக அமைந்தாலும் பார்வை கூர்மையாகும். அதுவே பெரிய ஆதாயம்.