முள்ளு மீட்டர் பிழைத்த கதை

 

எங்க தாத்தா ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தவர். கடையை மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனால் அவருடைய மல்டிமீட்டர் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எண் காட்டும் மீட்டர் இல்லை, கடிகாரம் மாதிரி முள் ஆடும் மீட்டர். அதைக் கெடுத்தவள் நான். சரி செய்தவளும் நான்தான் (தாத்தா துணையோடு!).

மல்டிமீட்டர் என்றால் என்ன?

ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரே பெட்டி. இங்கிலாந்து தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கேடி உருவாக்கிய இப்படிப்பட்ட கருவி 1923-ல் விற்பனைக்கு வந்தது. அந்த மூன்று சொற்களின் முதல் எழுத்தைச் சேர்த்து 'ஏவோ மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள்.

முள் எப்படி ஆடுகிறது?

உள்ளே ஒரு காந்தம். அதன் நடுவில் தலைமுடி போல மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். மின்சாரம் ஓடினால் சுருள் திரும்பும், முள்ளும் கூடவே திரும்பும். மின்சாரம் நின்றால் குட்டி ஸ்பிரிங் முள்ளைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும்.

ஓம் அளப்பதற்கு மட்டும் மீட்டருக்குள் இருக்கும் செல் மின்சாரம் அனுப்பும். அப்போது வெளியிலிருந்து மின்சாரம் வரவே கூடாது. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்!

நான் செய்த தப்பு

பரீட்சை லீவில் தாத்தாவின் பழைய சப்ளை பெட்டியில் 24 வோல்ட் வருகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன். திருகு ஓமில் இருந்ததைக் கவனிக்கவில்லை. வயரை வைத்ததும் முள் 'டக்'கென்று ஓரத்தில் இடித்தது. கருகல் வாசனை வந்தது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தாத்தா திட்டவில்லை. "ஸ்க்ரூவ கழட்டு பாப்பா, உள்ள என்னன்னு பார்ப்போம்" என்றார். உள்ளே மூன்று கோளாறு இருந்தது.

1. செல் வைக்கும் தகட்டில் பச்சை பூத்திருந்தது. நம்ம ஊர் உப்புக்காற்று 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டையையே அரிக்கிறது, தகடு எம்மாத்திரம்? உப்பு பிடித்ததை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம்!

2. ஒரு ரெசிஸ்டர் கரிக்கட்டையாகி இருந்தது. அதன் நிறக்கோடுகள் தெரியவில்லை. தாத்தாவின் பழைய நோட்டில் வரைந்திருந்த படத்தைப் பார்த்தோம். 18 ஓம். அதாவது பழுப்பு (1), சாம்பல் (8), கருப்பு (பூஜ்யம் சேர்க்க வேண்டாம்). மயிலாடுதுறையில் வாங்கி வந்தோம்.

3. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி! தாத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவசரத்துக்கு நான்தான் முறுக்கி வச்சேன். அப்புறம் மாத்தவே இல்ல. ஃபியூஸ் இருந்திருந்தா அது உருகி ரெசிஸ்டர காப்பாத்தியிருக்கும். தப்பு உன்னுது மட்டும் இல்ல" என்றார்.

தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது. அதனால் சால்டரிங் அயர்னை நான் பிடித்தேன். முதல் முறை ஈயம் உருண்டு விழுந்தது. மூன்றாம் முறை ஒட்டியது. சரியான ஃபியூஸும் போட்டோம். இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டேன். முள் மெதுவாக வலது ஓரத்துப் பூஜ்யத்தில் வந்து நின்றது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நினைவில் வையுங்கள்

* அளக்கும் முன் திருகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.
* ஃபியூஸுக்குப் பதில் கம்பி கூடாது.
* மீட்டரை எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றுங்கள்.
* பழைய வால்வு ரேடியோவைப் பெரியவர் இல்லாமல் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: பழுப்பு, கருப்பு, சிவப்பு. எத்தனை ஓம்? (சிவப்புக்கு இரண்டு பூஜ்யம்.) விடை தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள். மீட்டரில் அளந்தும் காட்டுகிறேன்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி