முகம் நோக்காத பிள்ளை

ஆட்டிசம் உள்ள பிள்ளை எதிரில் இருப்பவரின் கண்ணை நோக்காமல் பேசுவதை, குமரி மாவட்டத்து அஞ்சுகிராமம் போன்ற ஊர்களில் மரியாதைக் குறைவு என்றோ வளர்ப்பின் குற்றம் என்றோ கருதுவோர் இன்றும் உண்டு. 1943ஆம் ஆண்டு மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்த பின்னர், ஆய்வாளர்கள் பலரும் இந்த விலகலை நெடுங்காலம் அக்கறையின்மையாகவே எடுத்துக்கொண்டனர்.

முகத்தைக் கண்டவுடன் மூளையின் அடிப்புறத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், ஃபியூசிஃபார்ம் என்னும் மடிப்பு முனைந்து இயங்குகிறது. அம்முகம் காட்டும் அச்சம், சினம் முதலியவற்றின் அவசரத்தை எடைபோடுவதில் அமிக்டலா என்னும் சிறு பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தகைய பகுதிகளுக்கு இடையிலான இணைப்பை எம்.ஆர்.ஐ. கருவி நேரே காண்பதில்லை. அஞ்சுகிராமம் சந்திப்பிலும் நாகர்கோவில் பேருந்து நிலையத்திலும் கூட்டம் ஒரே வேளையில் கூடிக் குறைவதைக் கொண்டு நடுவில் போக்குவரத்து இருப்பதாக ஊகிப்பதைப் போல, இரத்த ஆக்சிஜனின் ஒத்த ஏற்ற இறக்கத்திலிருந்து அதனைக் கணிக்கின்றனர். ஆட்டிசத்தில் தொலைவுப் பகுதிகளின் இணைப்பு தளர்ந்திருப்பதாகக் கூறிய ஆய்வுகள் சில இதனால் ஐயத்திற்கு உள்ளாயின. ஏனெனில், கருவிக்குள் தலை சிறிதளவு அசைந்தாலும் அதே தளர்ச்சி பொய்யாகத் தோன்றும் என்பது 2012இல் வெளிப்பட்டது.

வியப்புக்குரிய செய்தி வேறொன்று. ஆட்டிசத்தில் ஃபியூசிஃபார்ம் மந்தமாக இயங்குகிறது என்று கருதப்பட்டுவந்த வேளையில், நுஷின் ஹஜிகானி குழுவினர் 2004இல் முகப் படத்தின் நடுவே ஒரு குறியை வைத்து அதையே நோக்கச் செய்தபோது, அப்பகுதி வழக்கம்போல இயங்கியது. ஆட்டிசம் உள்ளோர் கண்களை நோக்கும் நேரம் கூடக்கூட அமிக்டலாவின் இயக்கமும் மிகுவதை 2005இல் கிம் டால்டன் குழுவினர் கண்டனர். கண்களையே நோக்குமாறு கட்டுப்படுத்திய 2017ஆம் ஆண்டு ஆய்விலும், அமிக்டலா உள்ளிட்ட ஆழ்பகுதிகள் மிகையாக இயங்கின. எனவே பார்வையைத் திருப்புவது, குறைந்தது சிலரிடத்திலேனும், அளவுக்கு மீறிய கிளர்ச்சியைத் தணித்துக்கொள்ளும் வழியாக இருக்கக்கூடும்.

அவ்வாறாயின், பிள்ளையின் நாடியைப் பிடித்துத் திருப்பி, ‘கண்ணைப் பார்’ என்று வற்புறுத்தும் பயிற்சியை மறுபரிசீலனை செய்யத்தான் வேண்டும். வேறெங்கோ நோக்கியபடியே ஒரு பிள்ளை கூர்ந்து கேட்டுக்கொண்டிருத்தல் இயலும்.  பள்ளிகளும் உறவினரும் இந்த எளிய உண்மையை ஏற்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஆயினும், மேற்கூறிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இரைச்சல் மிக்க குழாய்க்குள் அசையாது படுக்கவும் கட்டளையைப் பின்பற்றவும் இயன்றவர்களையே கொண்டு நடந்தவை. பேச்சு வராத பிள்ளைகளின் மூளை முகத்தை எவ்வாறு ஏற்கிறது என்பதைப் பற்றி அவை கூறுவது மிகக் குறைவு.