தெரியாமலும் தீங்கு செய்யாதிருக்க



மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் சிலர், செவிலியர் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறை வாசலில் நின்று எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்தைத்தானே நர்ஸ் கொடுக்கப்போகிறார்? இந்தப் பிள்ளைகளுக்கு நோய்க்குறியியலும் மருந்தியலும் இவ்வளவு எதற்கு?” நியாயமான கேள்விதான். இன்சுலின் என்ற ஒரே மருந்தை எடுத்துக்கொண்டு இந்த இதழில் அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

விளக்கேற்றும் விழாவில் மாணவியர் சொல்லும் உறுதிமொழி, 1893-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற செவிலியரின் தலைமையில் அமைந்த குழுவினால் இயற்றப்பட்டது. நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் வழங்கிவருகிறது. கேடான எந்த மருந்தையும் தெரிந்து கொடுப்பதில்லை என்று அதில் கடவுள் முன்னிலையில் வாக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் தெரிந்தே தீங்கு செய்கிற நர்ஸ் எங்கே இருக்கிறார்? வார்டுகளில் நேரிடும் மருந்துத் தவறுகள் தெரியாமல் நேரிடுகிறவைதாம். ஆகவே அந்த வாக்கைக் காப்பாற்ற நல்ல மனது மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

இன்சுலினைப் பற்றிய பாடம் கணையத்தில் தொடங்குகிறது. நாம் சாப்பிடும் இட்லியும் சோறும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் சென்று பயன்படுவதற்குக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் தேவை. முதல் வகை நீரிழிவில் அதைச் சுரக்கும் அணுக்களே அழிந்துவிடுகின்றன. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. கனடாவின் டொரண்டோ நகரில் 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவு கண்ட பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. அப்படி உயிர் கொடுக்கிற மருந்தே அளவு மீறினால் உயிரை எடுக்கும். மூளை பெரும்பாலும் சர்க்கரையை நம்பியே இயங்குகிறது. இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று தொடங்கி, நினைவிழப்பிலும் வலிப்பிலும் போய் முடியலாம்.

இரண்டாம் பாடம் அளவு. இரண்டு சிரிஞ்சுகளையும் நிறமேற்றிய தண்ணீரையும் மேசைமேல் வைக்கிறோம். நம் நாட்டில் விற்கப்படும் பெரும்பாலான இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். சில குப்பிகளிலும் பேனாவில் போடும் இன்சுலினிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனிச் சிரிஞ்சு உண்டு. நாற்பதுக்கு உரியது சிவப்பு மூடி, நூறுக்கு உரியது ஆரஞ்சு மூடி. மாணவியர் 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை தண்ணீரை இழுக்கிறார்கள். அது அரை மில்லி. குப்பியில் இருந்தது 100 யூனிட் மருந்தாக இருந்தால் நோயாளியின் உடலில் போயிருப்பது 20 அல்ல, 50 யூனிட். கணக்குப் போட்டு முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். மாறாக, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்காது. இதனால்தான் இன்சுலினை ஒருவர் எடுத்தபின் இன்னொருவர் குப்பியையும் சிரிஞ்சையும் தனியே சரிபார்க்க வேண்டும் என்று விதித்திருக்கிறோம். ‘யூனிட்’ என்பதற்குச் சுருக்கமாக ஆங்கில ‘யூ’ எழுத்தைப் போடுவதையும் அனுமதிப்பதில்லை. அவசரத்தில் எழுதினால் அது சுழியம்போல் தோன்றி, 10 என்பது 100 ஆகிவிடும்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் எல்லா மாணவியரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஐந்தும் சரியாக இருந்தும் ஆபத்து வரலாம் என்பதை ஒரு மாணவியே எங்களுக்கு நினைவுபடுத்தினாள்.

பெண்கள் வார்டில் சிறுநீரகமும் பழுதான ஒரு பாட்டி இருந்தார். இரண்டாம் வகை நீரிழிவு. காலைச் சாப்பாட்டிற்கு அரைமணி முன்பு போடவேண்டிய இன்சுலின் தட்டில் தயாராக இருந்தது. பெயர், மருந்து, அளவு எல்லாம் சரி. இரண்டாம் ஆண்டு மாணவி ஊசியைக் கையில் எடுத்தவள், அப்படியே வைத்துவிட்டு வார்டு சிஸ்டரிடம் வந்தாள்.

“சிஸ்டர், பாட்டி ராத்திரியிலிருந்து ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்காங்க. இட்லி வேண்டாம்னு சொல்றாங்க. போடலாமா?”

சர்க்கரையைச் சோதித்தபோது 84 இருந்தது. டாக்டர் வந்து அன்றைய அளவை மாற்றி எழுதினார். பழுதான சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகவே வெளியேற்றும். எனவே மருந்து அதிக நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். உணவும் உள்ளே போகாத நிலையில், எழுதியபடியே ஊசி போட்டிருந்தால் பத்து மணிக்குப் பாட்டி நினைவிழந்திருக்கக் கூடும்.

மறுநாள் வகுப்பில் கேட்டோம்: “அப்படியானால், ‘சாப்பிடாதவருக்கு இன்சுலின் இல்லை’ என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாமா?” எல்லாரும் கை தூக்கினார்கள், அந்த மாணவியும்தான்.

எழுதக்கூடாது என்றோம். அதே வாந்தி முதல் வகை நீரிழிவுள்ள ஒரு கல்லூரி மாணவிக்கு வந்திருந்தால்? அவள் உடலில் சொந்த இன்சுலின் இல்லை. ஊசியை அடியோடு நிறுத்தினால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, இரத்தத்தில் அமிலம் சேரும். மூச்சு ஆழ்ந்து வேகமாகும். அதில் பழவாடை வீசும். வாந்தியே அதன் அறிகுறியாக இருக்கலாம். அவளுக்கு இன்சுலின் தொடர வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். மருந்து ஒன்றே, வாந்தியும் ஒன்றே; நோய் வேறு. மனப்பாடம் செய்த விதி பாட்டியைக் காப்பாற்றும், அந்தப் பெண்ணைக் கொன்றுவிடும். இருவரையும் காப்பது நோயின் போக்கை அறிந்து, தயங்கி நின்று, கேட்கத் தெரிந்த நர்ஸ்தான்.

எனவே கேள்வி கேட்டதற்காக எந்த மாணவியையும் கடிந்துகொள்ளக் கூடாது என்று வார்டு சிஸ்டர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். தவறு நேர்ந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்பதும் பாடத்தில் சேர்ந்ததே. மறைத்த தவறு நோயாளிக்கு இரண்டாம் தீங்கு.

உங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால், இன்றைக்கே குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வியர்த்து நடுங்கினால், விழுங்க முடிகிறவராக இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வகுப்பறை வாசலில் நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுவே. அந்தப் பாட்டி நான்காம் நாள் வீட்டிற்குப் போனார். அன்று காலை தட்டில் வைத்த ஊசியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.