தழும்பு சிறிதாக இருந்தால் போதுமா?

"டாக்டர், கிழிச்சுத்தான் பண்ணணுமா? ஓட்டை போட்டுப் பண்ண முடியாதா?"

புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது வீட்டார் கேட்கும் கேள்வி இது. நியாயமானதுதான். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் வெட்டு சிறிது, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்குச் சில நாள் முன்னதாக வேலைக்குத் திரும்புவது சின்ன விஷயமல்ல. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "இந்த முறையில் செய்தால் என் நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுமா?"

எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோபியை நம்பலாம். 2004-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் 3 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள் லேப்ராஸ்கோபியில் 16 சதவீதம், வயிற்றைத் திறந்து செய்ததில் 18 சதவீதம். ஏறத்தாழ சமம். அதே ஆய்வில் மருத்துவமனையில் தங்கிய நாள்கள் முறையே ஐந்தும் ஆறும். மிச்சமானது ஒரே ஒரு நாள்.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் நிலைமை தலைகீழ். ஆரம்ப நிலை நோய் உள்ள 631 பெண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2018-ல் வெளியானது. நாலரை ஆண்டுக்குப் பிறகு நோயின்றி இருந்தவர்கள், திறந்த அறுவை சிகிச்சையில் 96.5 சதவீதம், லேப்ராஸ்கோபி, ரோபோ முறைகளில் 86 சதவீதம். இறப்பும் இவற்றில்தான் அதிகம். அதுவரை இரண்டும் சமம் என்றே பல நிபுணர்கள் நம்பியிருந்தார்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., ரோபோ கருவிகளைப் புற்றுநோய் சிகிச்சையில் பயன்படுத்துவது பற்றி எச்சரித்தது. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் இந்த எண்கள் இருக்காது. ரோபோ தானாக அறுப்பதுமில்லை, இயக்குவது மருத்துவர்தான். எனவே, "இதே நோய்க்கு இதே முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று அவரைக் கேட்பதில் தவறே இல்லை.

இனி ஒப்புதல் படிவம். அட்மிஷன் கவுன்ட்டரில் பேனாவைக் கொடுத்து, "இங்க, இங்க, இங்க" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், அல்லது படித்துக் காட்டச் சொல்லுங்கள். என்ன சிகிச்சை, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, நடுவில் வயிற்றைத் திறக்க நேருமா என்பதைச் சொல்வது மருத்துவரின் கடமை. டெல்லியில் ஒரு பெண் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்குத்தான் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறுவை சிகிச்சைக் கட்டணம் கிடையாது என்றும் 25,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது. தொகை சொற்பம்தான், தீர்ப்பின் பயன் பெரிது. உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது, முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதத்துக்கு உறவினர் கையெழுத்து ஈடாகாது.

இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை; தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனம் அதைச் சொல்கிறது. சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. வெளியே எடுத்த கட்டியின் பயாப்ஸி அறிக்கையை மறக்காமல் வாங்குங்கள். கட்டி முழுதாக வந்ததா, ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா என்பது அதில்தான் இருக்கும். மருத்துவக் காப்பீடு இருந்தால், ரோபோ சிகிச்சைக்கு உச்சவரம்பு உண்டா என்று முன்பே விசாரியுங்கள்.

கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் அலட்சியம் நடந்ததாகக் கருதினால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு இதில் வருமான வரம்பே கிடையாது.