கிரணின் பெயரில் ஒரு காடு

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலம், ராஜ்சமந்த் மாவட்டத்தில் பிப்லாந்திரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தால் ஊரார் 111 மரக்கன்றுகள் நடுகிறார்கள். இந்த வழக்கம் தொடங்கக் காரணம், கிரண் என்ற ஒரு பெண்ணின் மரணம்.

கிரணின் தந்தை ஷியாம் சுந்தர் பாலிவால் 2005-இல் அவ்வூரின் ஊராட்சித் தலைவரானார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் பதின்ம வயது மகளை அவர் இழந்தார். குடும்பத்தார் அவள் நினைவாக ஒரு மரம் நட்டனர். பொதுவாக நினைவு மரத்தின் கதை அதோடு முடிந்துவிடும். பாலிவால் அதை அங்கே நிறுத்தவில்லை. ஊரில் பிறக்கும் ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் மரம் நட ஊராரைச் சேர்த்துக்கொண்டார். ஊராரும் பெற்றோரும் பணம் போட்டு, அக்குழந்தையின் பெயரில் 31,000 ரூபாயை நிரந்தர வைப்பாக வங்கியில் இட்டனர். பெண்ணைப் படிக்க வைப்போம், சட்டப்படியான வயதுக்கு முன் திருமணம் செய்து வைக்கமாட்டோம், மரங்களைப் பராமரிப்போம் என்று பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

இனி அறிவியலுக்கு வருவோம். பிப்லாந்திரியைச் சுற்றிலும் பளிங்குக்கல் சுரங்கங்கள். கல் அறுக்கும்போது வரும் நுண்ணிய தூள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும். நிலத்தடி நீர் குறையும், செடி முளைக்காது, செடியை நம்பிய பூச்சியும் பறவையும் போய்விடும்.

ஊரார் முதலில் சரிவுகளில் பள்ளங்கள் வெட்டி, சிறு தடுப்பணைகள் கட்டி மழைநீரை நிற்க வைத்தனர். பிறகு வேம்பு, மா, நெல்லி போன்ற மரங்களை நட்டனர். வேர்கள் மண்ணைப் பிளந்து நீருக்கு வழிவிட்டன. உதிர்ந்த இலைகள் மட்கி மண்ணை மென்மையாக்கின. கரையான் கன்றுகளை அரிக்காமலிருக்க அவற்றைச் சுற்றிக் கற்றாழை வைத்தனர். இன்று அங்கே லட்சக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. 2021-இல் இந்திய அரசு பாலிவாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மாணவர்களே, இதில் 111 என்ற எண் பெரிதல்ல. கன்று நடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது பல ஆண்டு வேலை. நட்ட முதல் சில ஆண்டுகளில்தான் வெயிலாலும் கால்நடையாலும் கவனக்குறைவாலும் கன்றுகள் அதிகம் சாகின்றன. பிப்லாந்திரியில் ஒவ்வொரு கன்றுக்கும் பொறுப்பேற்க ஆள் இருக்கிறது. ரக்‌ஷா பந்தன் அன்று பெண் பிள்ளைகள் அந்த மரங்களுக்கே ராக்கி கட்டுகிறார்கள். உடன்பிறப்பாகிவிட்ட மரத்தை யார் வாடவிடுவார்கள்?

நம் யோங் பெங்கில் பளிங்குச் சுரங்கம் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டம். செம்பனையும் மரம்தானே, பறவைகளுக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். குறை பொந்துதான். பழைய காட்டு மரங்களில் கிளை முறிந்த இடம் உளுத்துப் பொந்தாகும். அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். செம்பனையில் அத்தகைய பொந்து உண்டாவதில்லை. இருவாச்சிப் பறவையின் பெட்டை, பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு வழியாக ஆண் பறவை உணவு ஊட்டும். பெரிய மரம் போனால் இருவாச்சியின் அடுத்த தலைமுறையும் போய்விடும். நாம் இன்று நடும் கன்று அதற்கு உடனே உதவாது. நிற்கின்ற பெரிய மரத்தைக் காப்பதுதான் உதவும்.

கூகைக்கோ பெட்டி போதும். தீபகற்ப மலேசியாவில் கூகை குஞ்சு பொரித்தது முதன்முதலாகப் பதிவானது 1960-களின் பிற்பகுதியில், அதுவும் நம் ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில். பிறகு பல தோட்டங்கள் கம்பத்தில் மரப்பெட்டி அமைத்துக் கூகைகளை வரவழைத்தன. ஒரு கூகைக் குடும்பம் ஆண்டில் பல நூறு எலிகளைத் தின்னும். ஆனால் பெட்டியை வைத்துவிட்டு எலி விஷத்தையும் தொடர்ந்தால் பயனில்லை. விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகலாம். பாம்புக்கும் மரநாய்க்கும் அதே ஆபத்து.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? சாலை விபத்திலோ நோயிலோ வகுப்புத் தோழரை இழந்த மாணவர்கள் பள்ளிதோறும் இருக்கிறார்கள். நாளிதழில் நினைவஞ்சலி போடுகிறோம், அன்னதானம் செய்கிறோம். அவை தேவைதான். அவற்றோடு, அந்தப் பிள்ளையின் பெயரில் ஓர் உயிருக்கு இடம் கொடுக்கவும் நம்மால் முடியும். அப்படிச் செய்ய நினைத்தால் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, குடும்பத்தாரைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு எது பிடித்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெயர் வைக்க வேண்டாம் என்றால், வேண்டாம்.

இரண்டாவது, அந்த உயிரினத்துக்கு எது இல்லை என்று பாருங்கள். பழந்தின்னிப் பறவைகளுக்கு நம் மண்ணின் அத்தி மரம், கூகைக்குப் பெட்டி. காட்டு விலங்குக்கு உதவ நன்கொடை திரட்டினால், பணம் எந்த வேலைக்குப் போகிறது என்று ஆசிரியரோடு சேர்ந்து விசாரியுங்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் காடுகளில் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. அவற்றுக்குக் காவல் ரோந்தும், கண்ணி அகற்றும் வேலையும் நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது, பொறுப்பாளரை முதலிலேயே முடிவு செய்யுங்கள். படிவம் 5 மாணவர்கள் பள்ளியை விட்டுப் போன பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது? ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நட்ட நாள், மாதந்தோறும் கன்றின் உயரம், வந்த பறவைகள் என்று எழுதி, அடுத்த ஆண்டு படிவம் 1 மாணவர் கையில் ஒப்படையுங்கள். முதல் பக்கத்தில், யாருடைய நினைவாக நட்டது என்று எழுதியிருக்கட்டும். அந்தத் தோழரைப் பார்த்தே இராத ஒரு பிள்ளை, அப்பெயரைப் படித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போகும்.