சீட்டின் விலை சொன்னதும் சொல்லாததும்

2023 ஜூலை 22 அன்று தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர் ஓர் ஆய்வறிக்கையை இணையத்தில் ஏற்றினார்கள். சாதாரண அறை வெப்பத்திலேயே மின்தடை சிறிதும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியைச் செய்துவிட்டோம் என்றார்கள். ஈயம், தாமிரம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் கலந்த அந்தப் பொருளின் பெயர் எல்கே-99. உண்மையாக இருந்திருந்தால் மின்கம்பி முதல் எம்ஆர்ஐ கருவி வரை எல்லாமே மாறியிருக்கும்.

ஆய்வகங்கள் அதைச் சோதிக்கத் தொடங்கிய வேகத்திலேயே மேனிஃபோல்ட், பாலிமார்க்கெட் ஆகிய இணையதளங்களில் வியாபாரமும் தொடங்கியது. இவை கணிப்புச் சந்தைகள். ‘எல்கே-99 மீக்கடத்திதான்’ என்பது நிரூபணமானால் சீட்டு ஒன்றுக்கு 1 டாலர் கிடைக்கும், இல்லையென்றால் ஒன்றுமில்லை. அந்தச் சீட்டு 30 சென்ட்டுக்குக் கைமாறினால், நடக்க 30 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்று பொருள். மேனிஃபோல்டில் புழங்கியது விளையாட்டுப் பணம்தான், கணக்கு ஒன்றே.

விலை ஏறி இறங்கிய விதத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலிருந்து நம்பிக்கையூட்டும் கணினிக் கணக்கீடு ஒன்று வந்தது, சீனாவிலிருந்து காந்தத்தின்மேல் துணுக்கு ஒன்று எழுந்து நிற்கும் காணொளி வந்தது, விலை ஏறியது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உள்ளிட்ட பலர் செய்து பார்த்தும் மீக்கடத்தல் தென்படவில்லை, விலை சரிந்தது. ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் மாசில்லாத படிகத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஒளி ஊடுருவும் அந்த ஊதாப் படிகம் மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. முதல் மாதிரிகளில் மின்தடை திடீரென்று குறைந்ததற்குக் காரணம் அவற்றில் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு.

ஆக, சந்தை எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. செய்தியின் பின்னாலேயே ஓடியது. அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. விடை உலகில் எவரிடமும் இல்லாதபோது சந்தை அதை எங்கிருந்து எடுக்கும்?

விடை பலரிடம் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தால் கதையே வேறு. 1990களின் பிற்பகுதியில் ஹெச்பி நிறுவனத்தில் கே-யுட் சென்னும், கால்டெக் பொருளியலாளர் சார்லஸ் பிளாட்டும் ஒரு சோதனை நடத்தினார்கள். அடுத்து வரும் மாதங்களில் எத்தனை பிரின்டர்கள் விற்கும் என்பதை வைத்து ஒரு சிறு ஊழியர் குழுவைத் தங்களுக்குள் சீட்டு வாங்கி விற்கச் சொன்னார்கள். நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கணிப்போடு ஒப்பிட முடிந்த 8 சந்தைகளில் 6 உண்மைக்கு இன்னும் நெருக்கமாக வந்தன. ஒருவருக்குக் கடைக்காரர்களின் மனநிலை தெரியும், இன்னொருவருக்குக் கிடங்கின் இருப்பு தெரியும். கூட்டத்தில் மேலதிகாரி முன் வாய் திறக்காதவரும் சீட்டு வாங்கும்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறார். இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன்.

பலவீனத்துக்கும் சான்று உண்டு. 2021-இல் பெர்க்லி பேராசிரியர் ஜேக்கப் ஸ்டைன்ஹார்ட், செயற்கை நுண்ணறிவு பற்றிய கணிப்புகளைப் பரிசு வைத்துக் கேட்டார். கடினமான போட்டிக் கணக்குகள் அடங்கிய தேர்வொன்றில் 2022 ஜூனுக்குள் கணினி எவ்வளவு மதிப்பெண் எடுக்கும் என்பது ஒரு கேள்வி. பழகிய கணிப்பாளர்கள் சொன்னது 12.7 விழுக்காடு. அந்த ஜூனில் கூகுளின் மினர்வா என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி எடுத்தது 50.3.