‘பரவாயில்லீங்க’ என்று சொல்லாதீர்கள்

கரப்பான் உள்ள தோழர்களே, டாக்டர் “எப்படி இருக்கு?” என்றால் “பரவாயில்லீங்க” என்கிறோம். ராத்திரி முழுக்கச் சொறிந்ததை யார் சொல்வது?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் மருத்துவர்கள் 2004இல் நோயாளியே போடும் கணக்கொன்றை வெளியிட்டார்கள். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் அரிப்பு, தூக்கக்கேடு, ரத்தக்கசிவு, நீர்வடிதல், வெடிப்பு, செதில் உதிர்தல், வறட்சி? இல்லையென்றால் 0, ஓரிரு நாள் 1, மூன்று நான்கு நாள் 2, ஐந்தாறு நாள் 3, தினமும் என்றால் 4. கூட்டினால் 8 முதல் நடுத்தரம். 17 முதல் கடுமை.

நம்ம கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் நாளை எண்ணுங்கள். காலண்டரில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தடித்த நாளையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

சீழோடு காய்ச்சலும் வந்தால் கணக்கு வேண்டாம். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.